வத்தேகமவில் நாலு செக்கன்

நான் முன்பு வேலை பார்த்த கந்தோரில் இப்போது இருக்கிற பிள்ளைகள் போன மாதம் எனக்கு ஒரு படம் அனுப்பினார்கள். ஒரு வட்டம், நடுவில் பச்சை நிறத்தில் ஓர் இலக்கம். எங்கள் செய்தித்தளத்தின் முதற்பக்கம் எவ்வளவு வேகமாகத் திறக்கிறது என்று ஏதோ ஒரு கருவி கொடுத்த புள்ளியாம். “அன்ட்டி, பாத்தீங்களா? நீங்க இருந்த காலத்துல இதெல்லாம் எப்படி அளந்தீங்க?” என்று கூடவே ஒரு கேள்வி.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நானோ உடனே போனை எடுத்து, “எங்க இருந்து அளந்தீங்க?” என்று கேட்டேன். “கந்தோர்ல இருந்துதான் அன்ட்டி” என்றார்கள். அவ்வளவுதான், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கந்தோரில் உட்கார்ந்துகொண்டு கந்தோர் லைனை அளந்து பார்ப்பதற்கு ஒரு கருவி வேறயா என்று நன்றாகக் கிழித்துவிட்டேன். பாவம், ஒரு பிள்ளை அழுகிற குரலில், “அப்ப எப்படின்னு எழுதித் தாங்களேன்” என்றது. எனக்கு ஒழுங்காகக் கதை சொல்ல வராது, திட்டத்தான் வரும். இருந்தாலும் எழுதுகிறேன். இதில் நான் செய்த ஒரு காரியமும் இருக்கிறது. அதனால் சிவதாசன் என்கிற ஒரு மனிதருக்கு வந்த வினையும் இருக்கிறது. அதை எழுதாமல் மற்றதை மட்டும் எழுதினால் எனக்குத் தூக்கம் வராது.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கண்டியில் பிறந்தவள் நான். அப்பா மாநகரசபையில் கிளார்க். கம்பியூட்டர் வகுப்பு ஒன்று ஆறு மாதம். பிறகு கலியாணக் கார்ட் அடிக்கிற அச்சகம் ஒன்றில் எழுத்துக் கோத்துக்கொண்டு ஏழு வருடம். அங்கிருந்துதான் செய்தித்தளத்துக்கு வந்தேன். திருகோணமலை வீதியில் ஒரு சப்பாத்துக் கடைக்கு மேல் மூன்று அறைகள், ஐந்து பேர். யுத்தத்தின் கடைசி வருடங்கள் அப்போதுதான் தொடங்கியிருந்தன.

ஆசிரியர் நடராசா சேர். யாழ்ப்பாணத்துக்காரர், நெடுங்காலம் பத்திரிகையில் இருந்தவர். வெள்ளை அரைக்கைச் சட்டை, நெற்றியில் மூன்று கோடு. கம்பியூட்டரைத் தொடமாட்டார், பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து அதை முறைப்பார். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், “பிள்ளை, இந்தப் பக்கம் எவ்வளவு நேரத்தில திறக்குது?” என்று கேட்டார். “உடனே திறக்குதுங்க சேர்” என்றேன். அவர் மேசை லாச்சியைத் திறந்து ஒரு ஸ்டொப்வாட்சை எடுத்தார். பள்ளிக்கூடத்து விளையாட்டுப் போட்டியில் ஓட்டத்துக்குப் பிடிப்பார்களே, அது.

“உடனே எண்டு ஒரு இலக்கம் இல்லை. இதைக் கொண்டு தெல்தோட்டைக்குப் போம். அங்க இருந்து பாத்துப்போட்டு வந்து சொல்லும்.”

தெல்தோட்டையில் ஒரு கடையில் வயர்லெஸ் போனைக் கம்பியூட்டரோடு பொருத்தி வைத்திருந்தார்கள். பக்கம் திறக்க இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனது. முதலில் வந்தது செய்தி அல்ல. மலைக்குப் பின்னால் சூரியன் உதிக்கிற மாதிரி எங்கள் தளத்தின் பெயர்ப் படம், மேலேயிருந்து கீழே கோடு கோடாக, ஆடி அசைந்து இறங்கி வந்தது. பிறகு ஒரு நகைக்கடை விளம்பரம். எழுத்துரு எல்லாக் கம்பியூட்டர்களிலும் இருக்காது என்று ஒவ்வொரு தலைப்பையும் படமாகச் செய்து போட்டிருந்தோம், அவை ஒவ்வொன்றாக வந்தன. எனக்குப் பக்கத்தில் நின்ற தோட்டத்து ஆள் ஒருவர், “இது வர்றதுக்குள்ள நான் ஒரு மலைக்கு ஏறிட்டு வந்துருவேம்மா” என்றார். வெட்கமாகப் போய்விட்டது.

அதன் பிறகு நடராசா சேர் ஒரு முறை வைத்தார். அதைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு நடந்தது எல்லாம் அந்த முறையை மீறியதால் வந்தது. மூன்று இடம்: வத்தேகம, தெல்தெனிய, தெல்தோட்டை. ஒரு நாளைக்கு ஓர் இடமாக, காலை ஏழு மணிக்குப் பிறகு நானே போக வேண்டும். கடைக்காரர் பாவிக்கிற அதே கம்பியூட்டர். பழைய பக்கம் எதுவும் உள்ளே தங்கியிருக்கக்கூடாது, எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். பெரிய சி.ஆர். கொப்பியில் கோடு போட்டு ஐந்து கோலம், அதாவது நிரல், பிரித்துக் கொடுத்தார். முதலில் என்ன தெரிந்தது. வாசிக்கக்கூடிய முதல் வரி எத்தனையாவது செக்கனில் வந்தது. முழுப் பக்கமும் எப்போது முடிந்தது. மழையா, இல்லையா. கடைசிக் கோலத்தில் என் கையெழுத்து.

“மழை எதுக்குங்க சேர்?” என்று கேட்டேன்.

“கம்பியில மூட்டு நனைஞ்சா லைன் இருமும். நனையேக்க எவ்வளவு இருமுது எண்டு தெரிய வேணுமெல்லோ.”

உண்மைதான். தெல்தெனியவில் தூறல் விழுந்தால் ஒன்றரை மடங்கு நேரம், அடித்துப் பெய்தால் இரண்டு மடங்கு. கொப்பியைப் பார்த்துப் பார்த்துப் பக்கத்தை மெலிய வைத்தேன். சூரியன் போனது. தலைப்புப் படங்களை எடுத்துவிட்டு எல்லாக் கம்பியூட்டரும் வாசிக்கிற எழுத்தாக மாற்றினேன். விளம்பரத்தைக் கீழே தள்ளினேன். முதலாளி கொழும்பிலிருந்து துள்ளினார். சேர் அவரைச் சமாளித்தார். எல்லாவற்றுக்கும் மேலே, முதலில் வந்து விழுகிற மாதிரி, நாலு வரியில் ஒரு சின்னப் பெட்டி வைத்தோம்: ‘இன்றைய நிலவரம்’. எந்த வீதி மூடியிருக்கிறது, ஊரடங்கு உண்டா, பள்ளிக்கூடம் உண்டா என்பது அதில் இருக்கும்.

இனிச் சிவதாசனைச் சொல்ல வேண்டும். எங்கள் மொழிபெயர்ப்பாளர். சிங்களமும் ஆங்கிலமும் வெளுத்து வாங்குவார். முப்பது வயது இருக்கும். வத்தேகமவில் ஒரு வீட்டில் அறை எடுத்து இருந்தார். அவருடைய அடையாள அட்டையில் கிளிநொச்சி விலாசம், அப்போது புலிகளின் கையில் இருந்த ஊர். அந்தக் காலத்தில் அது என்ன அர்த்தம் என்று எங்கள் வயதுக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: கண்டி பஸ் நிலையத்தில் சோதனை நடக்கிற நாளில் அந்த அட்டையோடு இறங்கினால், பொலிஸ் பதிவுத் துண்டு கையில் இருந்தாலும், வீட்டுக்குத் திரும்புவது நிச்சயம் இல்லை. அதனால் அவர் கைத்தொலைபேசியும் வைத்துக்கொள்வதில்லை. பிடித்தால் உள்ளே இருக்கிற ஒவ்வொரு நம்பருக்கும் கணக்குக் கேட்பார்கள்.

சோதனை என்று நாங்கள் பெட்டியில் எழுதுவதில்லை. அப்படி எழுதினால் கந்தோரை மூடிவிடுவார்கள். ‘பஸ் நிலையப் பகுதியில் போக்குவரத்துத் தாமதம்’ என்று போடுவோம், தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும். ஒன்றும் இல்லாவிட்டால் ‘வழமை’. சிவதாசன் காலையில் வத்தேகம கடையில் பெட்டியைப் பார்ப்பார். பார்த்தும் நம்பிக்கை வராமல், அந்தக் கடைப் போனிலிருந்தே எனக்கு ஒரு கோல் எடுப்பார். “அக்கா, வெளிக்கிடட்டே?” “வாங்க சிவா, ஒண்ணுமில்ல.” பிறகுதான் பஸ் ஏறுவார். தாமதம் என்று இருந்தால் அறையிலேயே இருந்து எழுதுவார்.

அந்தக் கடை மஹ்ரூப் நானாவுடையது. மூன்று கம்பியூட்டர், ஒரு டெலிபோன் லைன். அந்த ஒரே லைனில்தான் இன்டர்நெட்டும், சனங்கள் கோல் எடுப்பதும். இன்டர்நெட்டில் இருந்தால் கோல் போகாது, கோல் போனால் இன்டர்நெட் இல்லை. காலையில் வெளிநாட்டில் வேலை செய்கிற மனைவிமாருக்குக் கோல் எடுக்க ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். நானா ஒருவர் விடாமல் உபசரிப்பார். எனக்குப் பிளேன் டீ, கூடவே கடிக்க ஒரு துண்டு ஹக்குரு வெல்லம். நல்ல மனுஷன்.

பஸ்களில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலம் அது. ஏறும்போது பையைத் திறந்து காட்ட வேண்டும். ஏறிய பிறகு ஆளுக்காள் சீட்டுக்கு அடியில் குனிந்து பார்ப்பார்கள். ஒரு நாள் வத்தேகம பஸ்ஸில் என் சீட்டுக்கு அடியில் ஒரு கறுத்தப் பை. “மே பேக் எக காகெத?” என்று கொண்டக்டர் கத்தினான், இது யாருடைய பை என்று. யாரும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் இடித்துக்கொண்டு இறங்கினோம். அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. அம்மா. நூறு கண் என்னைப் பார்க்கிறது. தமிழில் பேசப் பயந்து நான் அம்மாவோடு சிங்களத்தில் பேசினேன். எங்கள் அம்மாவுக்குச் சிங்களம் சுட்டுப்போட்டாலும் வராது. “யாருங்க பேசுறது? என் மக போன் ஒங்க கைக்கு எப்படி வந்துச்சு?” என்று அவர் அழத் தொடங்கிவிட்டார். பைக்குள் இருந்தது நெத்தலிக் கருவாடு. ஒரு கிழவர் மறந்துபோய் முன்னால் போய் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் சிரித்துக்கொண்டே திரும்ப ஏறினார்கள். நான் ஏறவில்லை. கால் வரவில்லை. வீதியோரமாக நடந்தே கண்டிக்கு வந்து சேர்ந்தேன்.

அடுத்த முறை வத்தேகமவுக்குப் போக வேண்டிய நாள். பஸ் நிலையம் வரைக்கும் போனேன், ஏறப் பயந்து திரும்பிவிட்டேன். கந்தோருக்குப் போகாமல் ஒரு தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து நானாவுக்குக் கோல் எடுத்தேன். “நானா, இன்னைக்கு ஒடம்பு சரியில்ல. நீங்களே பக்கத்தைத் திறந்து எத்தனை செக்கன்னு சொல்றீங்களா?”

“அதுக்கென்ன தங்கச்சி. போன வச்சிட்டுப் பாத்திட்டு நானே கோல் எடுக்கிறன்” என்றார். கால் மணித்தியாலம் கழித்துச் சொன்னார்: முதல் வரி முப்பத்தொன்று. நான் அதைக் கொப்பியில் எழுதினேன். பக்கத்தில் கையெழுத்தும் போட்டேன். ஒரு நாள்தானே என்று நினைத்தேன்.

ஒரு நாள் மூன்று கிழமையாக நீண்டது. மற்ற இரண்டு இடத்துக்கும் அப்படித்தான், கோல் எடுத்துக் கேட்டு எழுதினேன். இரண்டாவது கிழமையில் ஒரு நாள் நானா, “வைக்கத் தேவல்ல தங்கச்சி, இருங்க, இப்பவே திறக்கிறன். ஒண்டு, ரெண்டு, மூணு, நாலு. வந்திட்டு, மாஷா அல்லாஹ்!” என்றார். அவர் எண்ணுவது என் காதிலேயே கேட்டது. நாலு செக்கன்! தலைப்புகளைத் திருத்தியதால் வந்த பலன் என்று நினைத்தேன். அடுத்த தடவையும் நாலு. அதற்கடுத்த தடவையும் நாலு.

சேர் கொப்பியைக் கொண்டுபோய் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். “வத்தேகம, நாலு செக்கன்! பாருங்கோ, முப்பத்தொண்டில இருந்து நாலு. பிள்ளை, கெட்டிக்காரி.” பிறகு மூக்குக்கண்ணாடியை இறக்கி, “மழைக் கோலத்தில எல்லாம் ‘இல்லை’ எண்டிருக்கு. முந்தநாள் கண்டியில கொட்டினதே?” என்றார். “வத்தேகமவுல பெய்யலங்க சேர்” என்றேன். எனக்கு எப்படித் தெரியும்? வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவர் தலையாட்டினார். நான் கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன். அந்த நாட்களில் யாராவது படியேறி வந்தால் பிடித்துவிட்டார்கள் என்றே நினைப்பேன்.

அன்று பின்னேரம் சிவதாசன் என் மேசைக்கு வந்தார். “அக்கா, நாலு செக்கன் எண்டா இனி உங்களுக்குக் கோல் எடுத்துக் கரைச்சல் தரத் தேவையில்லை. பெட்டியைப் பாத்திட்டே வெளிக்கிடலாம். நானாவின்ட லைனில ஆக்களும் காத்துக்கொண்டு நிக்கினம்.”

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். “இல்ல சிவா, எதுக்கும் ஒரு கோல் எடுங்க” என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொன்னால் ஏன் என்று கேட்பார். “சரி சிவா” என்றேன்.

அதற்குப் பிறகு ஐந்தாறு நாள். காலை ஆறு ஐம்பதுக்கு எங்கள் நிருபர் பஸ் நிலையத்திலிருந்து கோல் எடுத்தார், சோதனை தொடங்கிவிட்டது, கொஞ்சம் கடுமை என்றார். அன்று அளக்கப் போகிற நாள் இல்லை, நான் கந்தோரில் இருந்தேன். ஆறு ஐம்பத்தைந்துக்குப் பெட்டியை மாற்றினேன்: போக்குவரத்துத் தாமதம். கந்தோர்க் கம்பியூட்டரில் திறந்து பார்த்தேன், பளிச்சென்று வந்தது. சிவதாசன் ஏழு மணிக்குத்தான் கடைக்கு வருவார். ஐந்து நிமிடம் முந்திவிட்டோம் என்று நிம்மதியாகத் தேத்தண்ணி ஊற்றிக் குடித்தேன்.

தாமதம் என்ற நாட்களில் மட்டும், “அக்கா, இண்டைக்கு நான் அறையில” என்று சொல்ல ஒரு கோல் எடுப்பதாகச் சொல்லியிருந்தார். ஏழரை ஆனது, கோல் இல்லை. லைனில் ஆட்கள் நிற்பார்கள் என்று நினைத்தேன். எட்டானது. எட்டேகாலுக்கு என்னால் இருக்க முடியவில்லை. நானாவுக்கு எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

“நானா, சிவா வந்தாரா?”

“வந்தாரே தங்கச்சி. ஏழு மணிக்கே வந்து பாத்திட்டு, ‘வழமைதான் நானா’ எண்டு சொல்லிட்டு ஏழு பத்து பஸ்ஸுல போன. ஏன், இன்னம் வரல்லயா?”

“வழமையா? நானா, மேல இருக்கிற பெட்டியை வாசிங்க.”

“வழமை எண்டுதான் ஈக்கி.”

“திரும்பத் திறங்க. புதுசா எடுங்க.”

“அதுக்கு லைன் போடணுமே தங்கச்சி. நீங்க லைன்ல ஈக்கிறீங்க.”

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. “அப்ப இப்ப எதைப் பாத்து வாசிச்சீங்க?” என்று கேட்டேன். அவர் பெருமையாகவே சொன்னார். கோல் எடுக்க வருகிறவர்களைக் காக்க வைக்க மனம் இல்லாமல், விடிய ஆறரைக்கே ஒரு முறை லைன் போட்டு, எங்கள் பக்கத்தை எடுத்து மூன்று கம்பியூட்டரிலும் சேமித்து வைத்துவிட்டு லைனை வெட்டிவிடுவாராம். பிறகு வருகிறவர்களுக்கு அதைத்தான் திறந்து காட்டுவாராம். “இப்ப ஒருத்தரும் காத்துக்கொண்டு நிக்கிறல்ல. நாலு செக்கன்ல வாசிச்சிட்டுப் போற.”

ஒரு லைன் கடை. நான் அவரோடு போனில் பேசிக்கொண்டிருக்கும்போது அவரால் எங்கள் பக்கத்தை எடுத்திருக்கவே முடியாது. அவர் ஒன்று, இரண்டு என்று எண்ணியதை என் காதால் கேட்டுக்கொண்டே, அந்த ஒரே லைனில் நானே குந்திக்கொண்டு இருந்திருக்கிறேன்! பச்சைப் பிள்ளைக்கும் விளங்குகிற விஷயம். ஏழு வருடம் எழுத்துக் கோத்து, மூன்று வருடம் செக்கன் எண்ணிய எனக்கு விளங்கவில்லை. விளங்கியிருந்தால் நானே நேரில் போக வேண்டி வந்திருக்கும், அதனால்தான் விளங்கவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

சேரின் அறைக்குள் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அழுதுகொண்டே சொன்னேனா, கத்திக்கொண்டு சொன்னேனா தெரியாது. அவர் முதலில் இரண்டு பேருக்குக் கோல் எடுத்தார், ஒரு சட்டத்தரணிக்கும், பொலிஸில் தெரிந்த ஒருவருக்கும். பஸ் நிலையத்தில் அன்று காலை இருபத்திரண்டு பேரைப் பிடித்து ஜீப்பில் ஏற்றியிருந்தார்கள். பன்னிரண்டு மணிக்குள் சிவதாசனின் பெயரும் அதில் இருப்பது உறுதியானது. அதற்குப் பிறகுதான் சேர் கொப்பியைக் கேட்டார்.

“இந்த மூண்டு கிழமையும் நீர் ஒரு நாளாவது போனனீரோ?”

“இல்லங்க சேர்.”

“ஏன்?”

“பயம் சேர். பஸ்ஸுல ஏற முடியல.”

அடிப்பது மாதிரி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. சிவப்புப் பேனை ஒன்றை எடுத்து என் பக்கம் உருட்டினார். “கீறும்” என்றார். நான் முதல் வரியைக் கீறினேன். “பக்கத்தில எழுதும், அளக்கவில்லை எண்டு. கையெழுத்து வையும்.” மூன்று கிழமைக்கும் ஒவ்வொரு வரியாகக் கீற வைத்தார். வரிக்கு வரி, அளக்கவில்லை, கையெழுத்து. மழைக் கோலத்துக்கு வரும்போது, “அதையும்” என்றார். முடிந்ததும் கொப்பியை மூடி, “பயம் எண்டு வந்து சொல்லியிருந்தா நான் போயிருப்பன் பிள்ளை. எனக்குக் கால் இருக்குத்தானே” என்றார். அதைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை.

அடுத்த நாள் காலை வத்தேகம பஸ்ஸில் ஏறினேன். பயம் போகவில்லை. வியர்த்துக் கொட்டியது, சீட்டின் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டே போனேன். நானாவுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். கடை வாசலில் நின்று, “நல்லதுக்குத்தானே தங்கச்சி செஞ்ச, அல்லாஹ் அறிவான்” என்று குலுங்கிக் குலுங்கி அழுதார். “தப்பு ஒங்களுதில்ல நானா” என்று சொல்லி, சேமித்து வைத்திருந்ததை எல்லாம் அழித்துவிட்டு, லைன் போட்டு, அளந்தேன். முப்பத்து நாலு. மூன்று கிழமையாக நாங்கள் ஒரு செக்கன்கூடக் குறைத்திருக்கவில்லை. அன்றே பெட்டிக்கு மேல், கண்ணில் குத்துகிற பெரிய எழுத்தில், எத்தனை மணிக்கு மாற்றியது என்பதைப் போட்டேன். நேரம் பழையதாக இருந்தால் நம்ப வேண்டாம் என்று அதற்குக் கீழே ஒரு வரி. நானாவின் கடைக்கு மட்டும் அந்தப் பெட்டியைத் தனியாக, வேறு எதுவும் இல்லாத சின்னப் பக்கமாகச் செய்து கொடுத்தேன். அது லைனில் ஐந்து செக்கனுக்குள் உண்மையாகவே வந்தது. அதைப் பார்க்க வேண்டியவர் உள்ளே இருந்தார்.

முப்பத்து மூன்று நாள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதே பத்தாவது நாள்தான் தெரிந்தது. இதற்கிடையில் முதலாளியின் கடிதம் வந்தது, என்ன நடந்தது, யார் பொறுப்பு, விசாரித்து எழுதி அனுப்ப வேண்டும், பொறுப்பானவரை நிறுத்த வேண்டும். சேர் மறைக்கிற ஆள் இல்லை. “சிவதாசன் வரட்டும். அவர் எழுதித் தாறதையும் வைச்சுத்தான் அனுப்புவன்” என்றார். என்னுடைய வேலை போய்விடும் என்று எனக்குத் தெரியும். போகத்தான் வேண்டும் என்றும் தோன்றியது. அப்பா படுக்கையில் இருந்தார், என் கையை நம்பித்தான் வீடு. இரண்டும் மாறி மாறி வந்தன.

சிவதாசன் வந்தார். சேர்ட் தோளில் தொங்கியது. கதிரையில் முழுதாகச் சாயாமல் நுனியில் உட்கார்ந்தார். தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தார். அவராகவே கடதாசி கேட்டு, அரைப் பக்கம் எழுதி, சேரிடம் கொடுத்தார். சேர் உரக்க வாசித்தார்: அன்று காலை பஸ் வந்துவிட்டதால் அவசரமாக ஏறினேன், செய்தித்தளத்தின் பக்கத்தை நான் இன்டர்நெட்டில் பார்ப்பதில்லை, அன்றும் பார்க்கவில்லை.

சேர் கடதாசியை இறக்கி, “உண்மையோ?” என்றார்.

“ஓம் சேர்.”

“மஹ்ரூப் வேற மாதிரிச் சொல்லுறார்.”

“நானாவுக்கு ஆள் மாறியிருக்கும் சேர்.”

சேர் என்னைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். “சாட்சிக்கு ஒராள் கையெழுத்து வைக்க வேணும்” என்று கடதாசியை மேசையில் வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

சிவதாசன் எழுந்து வெளியே போனார். நான் பின்னாலேயே ஓடிப் படியில் மறித்தேன். “ஏன் சிவா பொய் எழுதினீங்க? என் வேலைக்காகவா? எனக்கு வேணாம். நீங்க பாத்தீங்க. என்னாலதான் போனீங்க. உள்ளதை எழுதுங்க.”

அவர் படியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “உங்கட வேலைக்காக இல்லை அக்கா. உள்ளுக்க ஒரே கேள்விதான். சோதனை நாளில மட்டும் நீ வாறேல்லை, ஆர் உனக்குச் சொல்லுறது? நான் இன்ரநெட் பாக்கிறேல்லை எண்டனான். எவன்டா பக்கத்தை மாத்திறது, பேரைச் சொல்லு எண்டாங்கள். தெரியாது எண்டனான். ஒவ்வொரு நாளும் கேட்டவங்கள், ஒவ்வொரு நாளும் அதையேதான் சொன்னனான். இனிக் கடதாசியில வேற மாதிரி எழுதி, அது அவங்கட கையில போய்ச் சேர்ந்தா?” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “நீங்கள் போய்க் கையெழுத்து வையுங்கோ.”

என்ன கேட்டு, என்ன செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை. அந்தக் கோப்பையை அவர் பிடித்த விதத்தைப் பார்த்திருந்தேன். முப்பத்து மூன்று நாள் அந்த மனுஷன் என் பெயரைச் சொல்லவில்லை. நான் மேலே ஏறிப் போய், அவருடைய பொய்க்குக் கீழே சாட்சியாகக் கையெழுத்து வைத்துவிட்டு, அடுத்த நாளும் வேலைக்குப் போனேன்.